முக்கால் அடி

பட்டறைக்காரருக்கு ஒன்பதைக் கூட்டாமல் எதையும் அளக்கத் தெரியாது.

அதற்குக் காரணம் அவருடைய டேப். எப்போதோ ஒரு நாள் கேஸ் கட்டரின் தீ அதன் நுனியைத் தின்றுவிட்டது. முதல் ஒன்பது அங்குலம் போயே போச்சு. வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே புது டேப் வாங்கியிருப்பான். இவர் கஞ்சர் இல்லை; ஆனால் பழகின பொருளைத் தூக்கிப்போட மனசு வராது. நாலு அடிக்குக் கம்பி வெட்ட வேண்டுமென்றால் அந்த மொட்டை டேப்பில் நாலே முக்கால் அடி வரைக்கும் இழுத்துக் கோடு போடுவார். இருக்கிற பொருளை அளந்து பார்க்க வேண்டுமென்றால், டேப் காட்டுவதில் ஒன்பதைக் கழித்துச் சொல்வார். வருஷக்கணக்கில் இது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. கூடவே வேலை பார்க்கிற அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, "கூட்டியாச்சா மாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டரைப் பற்றவைப்பான். "கூட்டியாச்சு, வெட்டு மாப்ளே" என்பார் இவர். அந்தப் பட்டறையிலிருந்து ஒரு ஜன்னல் கம்பிகூடப் பிசகிப் போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பட்டறைக்கு நேர் எதிரே நடுநிலைப் பள்ளி. சுற்றுச்சுவர் இடுப்பளவுதான் என்பதால் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினால் மைதானம் முழுக்கத் தெரியும். அங்கே இருந்த விளையாட்டு டீச்சர் மாற்றலாகிப் போனதும், தலைமையாசிரியை ஒரு நாள் தெருவைத் தாண்டி இங்கே வந்தார். பிள்ளைகள் அவரைப் பெரிய மிஸ் என்பார்கள். கேட் ரிப்பேருக்காக்கும் என்று பட்டறைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உங்க வீட்டம்மா காலேஜ் டீம்ல பாஸ்கெட்பால் ஆடினவங்களாமே? உங்க பொண்ணுதான் சொன்னா."

"ஆமாங்க மேடம். அது அந்தக் காலம்."

"ஆறாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் காலையில ஒரு பீரியட் வந்து சொல்லித் தரட்டும். பருவம் முடியறப்போ நானே வந்து பாப்பேன். பிள்ளைங்க தேறியிருந்தா அவங்களையே வச்சுக்கறோம். தேறலேன்னா அந்த பீரியடைக் கணக்குக்குக் குடுத்துடுவேன்."

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி கேலி என்றுதான் நினைத்தாள். அப்புறம் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்து, கல்யாணத்துக்கு முன்னால் வாங்கின ஷூவைத் தேடி எடுத்தாள். காலை நுழைத்ததும் அடிப்பாகம் தனியாகக் கழன்று தரையில் உட்கார்ந்துகொண்டது.

"அக்கா, ஷூவே ரிடையர் ஆயிடுச்சு. உனக்கு எதுக்கு இந்த வயசுல?" என்றான் தம்பி. சொல்லிவிட்டு சாயங்காலமே புது ஷூ வாங்கி வந்து கொடுத்தவனும் அவன்தான்.

அதற்குப் பிறகு பட்டறைக்காரரின் காலைகள் தலைகீழாயின. டீயும் முட்டையும் அவர் பொறுப்பு. முட்டை ஒரு பக்கம் கருகும், மறு பக்கம் வேகாது. மகள் சுண்டு ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு அம்மாவுக்குப் பின்னால் ஓடுவாள். அவள் ஆறாம் வகுப்பு. சுண்டு விரல் அளவு இருக்கிறாள் என்று மாமன் வைத்த பெயர் அது. பட்டறைக்காரர் டீ டம்ளரோடு வந்து பட்டறை வாசலில் நின்றுகொள்வார். அந்த ஒரு மணி நேரம் அங்கே உருப்படியாக ஒரு வேலையும் நடக்காது.

மைதானத்தில் ரிங் கிடையாது. பழைய ரிங் துருப்பிடித்து விழுந்து வெகுநாளாகியிருந்தது. "இல்லாதது நல்லதுதான். இருந்தா எடுத்த எடுப்புல எல்லாம் அதுலதான் வீசும். முதல்ல பந்தோட சிநேகமாகட்டும்" என்றாள் டீச்சரம்மா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து புருஷனும் தம்பியும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள், முதலில் கேலியாக, பிறகு கேலி இல்லாமல்.

"உள்ளங்கை படக்கூடாது. பட்டா பளார்னு சத்தம் வரும், கேட்டியா? விரலால தட்டு. தட்டறதுகூட இல்ல, கீழ தள்ளு. ஏய் ஒட்டகம், குனி! உன் இடுப்புக்கு மேல பந்து வந்தா அது உன்னோடது இல்ல, எதிராளியோடது."

ஒட்டகம் எட்டாம் வகுப்பிலேயே உயரமான பையன். குனியச் சொன்னால் கழுத்தை மட்டும் குனிவான்.

"எல்லாரும் என்னைப் பாருங்க. பந்தைப் பாக்காதீங்க, அது எங்கயும் ஓடிடாது. எத்தனை விரல் காட்டறேன்?"

"மூணு மிஸ்!"

"இப்ப?"

"அஞ்சு மிஸ்! மிஸ், என் பந்து ஓடிடுச்சு மிஸ்!"

அது கேட்டுக்கு அடியில் நுழைந்து, தெருவைக் கடந்து, பட்டறைக்குள் வந்துவிடும். மச்சினன் அதை உதைத்து அனுப்பக் காலைத் தூக்கும்போதே அங்கிருந்து குரல் வரும்: "கால் பட்டுச்சு, தம்பின்னு பாக்க மாட்டேன்டா! கையால போடு!"

பந்தை நெஞ்சிலிருந்து நெஞ்சுக்குத் தள்ளப் பழக்கினாள். பந்தைப் பிடித்து நின்றபின் ஒரு காலை ஊன்றி மறு காலை மட்டும் சுற்ற வேண்டும் என்றாள். ஊன்றின காலுக்குப் பிள்ளைகளே ஆணிக்கால் என்று பேர் வைத்தார்கள். வகுப்பில் வாத்தியார் கூப்பிட்டால்கூட ஆணிக்காலில் திரும்பித்தான் எழுந்தார்களாம். கண்ணாடி என்று ஒரு பெண், சுண்டுவின் சிநேகிதி, தடித்த கண்ணாடிக்குப் பயந்து பந்து வந்தாலே முகத்தை மூடிக்கொள்வாள். அவளுக்கென்று டீச்சரம்மா துணிப் பந்தில் ஆரம்பித்தாள். ஒரு நாள் அவள் நிஜப் பந்தை லபக்கென்று பிடித்தபோது, தெருவுக்கு இந்தப் பக்கம் பட்டறைக்காரர் கைதட்டியதில் டம்ளரிலிருந்த டீ சட்டையில் கொட்டியது.

முதல் சம்பளம் வந்தது. சுண்டுவுக்குச் சொந்தமாக ஒரு பந்து. புருஷனுக்கு ஒரு புது டேப். மஞ்சள் கூடு, பெல்ட்டில் மாட்டக் கொக்கி, இழுத்தால் நிற்கும், அமுக்கினால் ஓடி உள்ளே போகும்.

"இன்னும் எத்தனை நாளைக்கு அந்த மொட்டையோட மாரடிப்பீங்க?" என்றாள்.

"எதுக்கு இப்ப இதெல்லாம்?" என்றார். இழுத்து விடுவதும் அமுக்குவதுமாக ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. "இந்த டேப்புல முதல் வேலை உனக்குத்தான். என் கையால ரிங் போட்டுத் தரேன்."

சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தமான வேலை. கனமான பைப்பில் கம்பம், பள்ளம் தோண்டிக் கான்கிரீட், கெட்டிப் பலகை, கம்பியை வளைத்துச் செய்த ரிங்.

"உசரம் எவ்வளவு?"

"பத்தடிங்க. தரையிலேர்ந்து ரிங்கோட விளிம்பு வரைக்கும்."

பட்டறைக்காரர் ஏணியில் ஏறினார். புது டேப் பளபளவென்று இறங்கியது. கீழே மச்சினன் அதன் நுனியைத் தரையில் அழுத்திப் பிடித்தான்.

"கூட்டியாச்சா மாமா?"

"கூட்டாம இருப்பேனா? பிடி நல்லா."

இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. பத்தே முக்கால் அடியில் கோடு போட்டு, பிற்காலத்தில் ஆடக் கூடாதே என்று நாலு பக்கமும் வெல்டு வைத்து இறங்கினார் அந்தக் கெட்டிக்காரர். புது டேப்பில் கிரீஸ் படக் கூடாதென்று வீட்டுக்குக் கொண்டுபோய், பீரோவில் மனைவியின் பட்டுப் புடவை மேல் வைத்தார். மறுநாளிலிருந்து பட்டறையில் பழையபடி மொட்டை டேப்தான்.

கஷ்டம் அங்கேயிருந்துதான் ஆரம்பித்தது. பந்தைத் தட்டினார்கள், தள்ளினார்கள், ஆணிக்காலில் சுற்றினார்கள். ஆனால் ரிங்குக்குள் மட்டும் பந்து போக மறுத்தது. "முட்டியை மடக்கு. முழங்கை உள்ளே. பந்து போனதுக்கப்புறம் கை அப்படியே மேல நிக்கணும், மணிக்கட்டு மடங்கி" என்று ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துத் திருத்தினாள். எம்பி எம்பி எறிந்தார்கள். வலைக்கு முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தது பந்து. அத்தி பூத்தாற்போல் ஒட்டகத்தின் பந்து ஒன்று உள்ளே விழும். "மிஸ், நீங்க போட்டுக் காட்டுங்க மிஸ்" என்றார்கள். அவள் கோட்டில் நின்று எறிந்தாள். முன் விளிம்பில் பட்டுத் தெறித்தது. மறுபடியும் எறிந்தாள். மறுபடியும் முன் விளிம்பு.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டாள்: "ஏங்க, ரிங் கொஞ்சம் உசரமா இருக்கோ?"

பட்டறைக்காரருக்குச் சுருக்கென்றது. "பத்தடின்னே, பத்தடி வச்சேன். நான் அளந்தா அளந்ததுதான். ஆடத் தெரியாதவ மைதானத்தைக் குறை சொன்ன கதையா இருக்கு."

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை வந்திருக்கும், சண்டையில் உண்மை வந்திருக்கும். அவளோ அவரை நம்பித் தொலைத்தாள். பாத்திரம் கழுவும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். விடிவதற்கு முன்னால் தனியாகப் போய் எறிந்து பார்த்துவிட்டு வருவாள். கேட்டால் சும்மா நடந்துவிட்டு வந்தேன் என்பாள்.

பருவத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைச் சொல்லியே விட்டாள்.

"நாளைக்குப் பெரிய மிஸ் பாக்க வர்றாங்க. அதுக்கு முன்னாடி நானே போய் வேணாம்னு சொல்லிடப் போறேன்."

"எதுக்கு? பிள்ளைங்க உன் மேல உயிரையே வச்சிருக்கு."

"அதுக்குத்தான் சொல்றேன். பந்தைக் கூடையில போட முடியாதவ பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லித் தர்றது? இத்தனை வருஷம் கரண்டி பிடிச்ச கைங்க. மறந்துடுச்சு. மனசுக்குத் தெரியுது, கைக்குத் தெரியல." சொல்லிவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். அழத்தான் போகிறாள் என்று பட்டறைக்காரருக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து சுண்டு வந்து கதவோரம் விறைப்பாக நின்றாள். "அப்பா, அளந்து சொல்லு. பாஸ்கெட்பால் ஆடினா வளருவாங்களாம்."

பட்டறைக்காரர் எழுந்தார். மொட்டை டேப் பட்டறையில் இருந்தது. பீரோவைத் திறந்து புது டேப்பை எடுத்தார். தரையில் வைத்துத் தலை வரைக்கும் இழுத்தார். நாலரை காட்டியது. மனசு அதுபாட்டுக்குக் கழித்தது.

"மூணே முக்கால்."

"என்னது!" சுண்டு துள்ளினாள். "போன வருஷமே நாலே கால் இருந்தேனே! நான் குட்டையாயிட்டேனா?"

சோபாவில் படுத்திருந்த மச்சினனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உங்கம்மா வெந்நீர்ல துவைச்சிருப்பா. சுருங்கிட்டே."

"மாமா, சும்மா இரு! அப்பா, நல்லாப் பாரு!"

அவர் நல்லாத்தான் பார்த்தார். டேப்பின் நுனியைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலிருந்து வரிசையாக எல்லா எண்ணும் இருந்தன. மச்சினனின் சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து உட்கார்ந்தான்.

"மாமா..."

"பேசாத."

"மாமா, ரிங்கு..."

"பேசாதேன்னு சொன்னேன்ல மாப்ளே!" பட்டறைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முக்கால் அடி. பெண்டாட்டியின் கையில் எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் அவர் கையில் இருந்தது, அதுவும் அவள் வாங்கிக் கொடுத்த டேப்போடு. போதாததற்கு அன்றைக்கு ஒரு பேச்சு வேறு பேசியாகிவிட்டது.

"இப்ப என்ன பண்றது?" என்று கிசுகிசுத்தான் மச்சினன்.

"விடிஞ்சதும் போய் இறக்கி வச்சிடுவோம். அவளுக்குத் தெரிய வேணாம். பந்து உள்ளே போகும், வேலை நிக்கும், அவ சந்தோஷமா இருப்பா."

"நீங்களும் தப்பிச்சுக்குவீங்க."

"அதுவுந்தான்" என்றார் பட்டறைக்காரர், பொய் சொல்லத் தெரியாமல்.

சுண்டுவைப் பக்கத்தில் இழுத்து, யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்று சத்தியம் வாங்கினார்கள். அவளும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். மாடியிலிருந்து இறங்கி வந்தவளிடம், "உன் இஷ்டம். ஆனா முதல்ல அவங்க பாக்கட்டும், அப்புறம் சொல்லிக்கோ" என்றார். எப்போதும் இல்லாத பணிவைப் பார்த்து அவள் கொஞ்சம் ஆச்சரியப்பட்டாள். சரி என்றாள்.

கிழக்கு வெளுக்கும்போதே இரண்டு பேரும் ஏணியோடு மைதானத்தில் இருந்தார்கள். பனியில் கம்பம் சில்லென்றிருந்தது. தன் கையால் வைத்த வெல்டைத் தானே அறுக்கிறபோதுதான், இவ்வளவு கெட்டியாக வைத்திருக்க வேண்டாமே என்று பட்டறைக்காரருக்குத் தோன்றியது. கிரைண்டர் அலறிய அலறலில் எதிர் வீட்டு நாய் எழுந்து ஊரைக் கூட்டியது. பலகையை இறக்கி, புது டேப்பை வைத்து, இந்த முறை விரல் வைத்து ஒவ்வொரு அடியாக எண்ணி, பத்தில் நிறுத்தினார். மச்சினன் பழக்கத்தில் வாயைத் திறந்தான். அவர் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டான்.

வெல்டு ஆறுவதற்குள் டீச்சரம்மா வந்துவிட்டாள், கையில் கோடு போடுகிற சுண்ணாம்பு வாளி, கக்கத்தில் பந்து.

"அவசர வேலைன்னு கிளம்பினீங்களே, இதுவா?"

"ரிங் கொஞ்சம் ஆடிச்சு. டைட் பண்ணினேன்" என்றார் ஏணியில் இருந்தபடி. மச்சினன் முதுகைக் காட்டி ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

அவள் வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கோட்டில் போய் நின்றாள். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்கிற மாதிரி பந்தை இரண்டு தட்டுத் தட்டி, முட்டியை மடக்கி, எறிந்தாள். பந்து வளைந்து போய், விளிம்பில் எங்கேயும் படாமல், வலையைச் சரக்கென்று உரசிக்கொண்டு இறங்கியது.

அவள் அசையவில்லை. கை மேலேயே நின்றது. பந்தை எடுத்து வந்து திரும்ப எறிந்தாள். சரக். இன்னொன்று. சரக்.

"ஏங்க" என்றாள். கையை விரித்து அதையே பார்த்தாள். "கை வந்துடுச்சுங்க. எப்படின்னு தெரியல. வந்துடுச்சு."

ஏணியில் இருந்தவர் இறங்கினார். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் அவரால் முடியவில்லை. கை வந்துவிட்டது என்றால் இத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்றல்லவா அவள் நம்பிக்கொண்டிருப்பாள்?

"உன் கை எங்கயும் போகலம்மா" என்றார். "அது உன்கிட்டயேதான் இருந்துச்சு. நான்தான் ஒம்போது கூட்டிட்டேன்."

"என்னத்தை?"

"புது டேப்புல. பழைய நெனப்புல. ரிங் பத்தே முக்கால்ல இருந்துச்சு. நேத்து சுண்டுவை அளந்தப்பதான் தெரிஞ்சுது. நீ கேட்டே, நான் பெரிய இவனாட்டம் பேசிட்டேன்."

அவள் ரிங்கைப் பார்த்தாள். கம்பத்தில் மேலே கறுத்துத் தெரிந்த பழைய வெல்டு வடுவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு தம்பியை.

"உனக்கும் தெரியுமா?"

"நான் நுனியைத்தான்க்கா பிடிச்சேன்."

"பத்தே முக்கால்!" என்றாள். "பிள்ளைங்க பத்தே முக்கால்லயா எறிஞ்சுக்கிட்டு இருந்துச்சு! நானும் விடியறதுக்கு முன்னாடியே வந்து..." நெஞ்சிலிருந்து பந்தைத் தள்ளினாள், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே முறையில். அது நேராகப் பட்டறைக்காரரின் வயிற்றில் வந்து பாய்ந்தது. அவர் "ஹக்" என்று மடங்கினார். மடங்கினவர் நிமிர்ந்து பார்த்தபோது அவள் சுண்ணாம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் மணி அடித்ததும் பெரிய மிஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தட்டுவதும் தள்ளுவதும் அருமையாகப் போயின. பந்தைப் பார்க்காமல் பெரிய மிஸ்ஸின் முகத்தையே அத்தனை பேரும் முறைத்துக்கொண்டு தட்டியதில் அவர் கொஞ்சம் கூச்சப்பட்டு நெளிந்தார். பிறகு ரிங். ஒட்டகம் வழக்கம்போல் முழு மூச்சில் எறிந்தான். பந்து பலகைக்கு மேலே பறந்து தெருவில் விழுந்தது. அடுத்தவன் பந்தும் அப்படியே. பெரிய மிஸ் புருவத்தைத் தூக்கினார். சுவருக்கு இந்தப் பக்கம் பட்டறைக்காரர் மச்சினனின் தோளை இறுக்கிப் பிடித்தார்.

டீச்சரம்மா பதறவில்லை. பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தினாள். "கை அதே மாதிரி. உசரம் அதே மாதிரி. முட்டியில இருக்கிற கோபத்தை மட்டும் குறைங்க. கண்ணாடி, நீ வா."

கண்ணாடி கோட்டுக்கு வந்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். முட்டியை மெல்ல மடக்கி எறிந்தாள். பந்து மேலே மேலே போய், கொஞ்சம் நின்று யோசித்த மாதிரி இருந்து, மேலிருந்து நேராக வலைக்குள் இறங்கியது. ஒரு நொடி யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அப்புறம் எழுந்த கூச்சலில் வகுப்பு ஜன்னல்களில் எல்லாம் தலைகள் முளைத்தன. அதற்குப் பிறகு மழைதான். சுண்டு போட்டாள். ஒட்டகம் போட்டான். இத்தனை நாள் கைக்கு எட்டாத உயரத்துக்கு எறிந்து எறிந்து பழகின பந்துகள் எல்லாம் அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி உள்ளே விழுந்தன.

பெரிய மிஸ் எழுந்தே விட்டார். "நானும் எத்தனையோ பள்ளிக்கூடம் பாத்துட்டேன். பசங்க பலகையிலதான் முட்டுவாங்க. இவ்வளவு அழகா மேல தூக்கிப் போட யார் சொல்லிக் குடுத்தது, நீங்களா?"

டீச்சரம்மா சுவர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அங்கே இரண்டு தலைகள் சட்டென்று கீழே போயின.

"இல்ல மேடம். அது எங்க வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தது" என்றாள்.

"அப்படியா! அவரைக் கூப்பிடுங்க. அடுத்த பருவம் நீங்கதான் எடுக்கப் போறீங்க, அதுல மாத்தமே இல்ல. ஒரே ரிங்கை வச்சுக்கிட்டு எப்படி ஆடறது? அந்தப் பக்கமும் ஒண்ணு போடச் சொல்லுங்க."

பட்டறைக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. இடுப்பிலிருந்து புது டேப்பை எடுத்து, மைதானத்தின் மறுகோடியில், எவ்வளவு பைப் வேண்டியிருக்கும் என்று பார்ப்பதற்காக ஒரு முழு நீளம் இழுத்தார். மச்சினன் ஓடிப்போய் நுனியைத் தரையில் அழுத்தினான். பழக்கத்தை யார் விட்டது? அவன் வாய் தானாகத் திறந்தது. "கூட்டி..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள், சுண்டு தலையில் அடித்துச் செய்த சத்தியம் எத்தனை பேர் காது வரைக்கும் போயிருக்கிறது என்பது தெரிந்துபோயிற்று. ஆறு, ஏழு, எட்டு, மூன்று வகுப்பும் சேர்ந்து கத்தியது:

"கூட்டாதீங்க அங்கிள்!"

பெரிய மிஸ் ஒன்றும் புரியாமல் திரும்பினார். "எதைக் கூட்டக் கூடாதாம்?"

"அது எங்க வீட்டுக் கணக்கு மேடம்" என்றாள் டீச்சரம்மா. நின்ற இடத்திலிருந்தே, திரும்பிக்கூடச் சரியாகப் பார்க்காமல், பந்தைத் தூக்கி எறிந்தாள்.

சரக்.